ஐம்பது கஜத்தில் கமருன்னிசா

டெக்ஸாஸின் ஆலன் நகரத்து முட்டுச்சந்து வீட்டிலிருந்து கமருன்னிசா வேட்டைக்குக் கிளம்பியது 2022 மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை. பஜ்ர் தொழுதுவிட்டு, இடியப்பத்தை ஹாட்பாக்ஸில் அடுக்கி, முட்டைக்கறித் தூக்கை இறுக்கி மூடி, அதன் மேல் ரப்பர் பேண்ட் இரண்டு போட்டுக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பூட்டுப் போட்ட நீளப் பெட்டிகள் இரண்டு. ஒன்றில் அவள் கணவன் நெய்னா முகம்மதின் பாயின்ட் டூ டூ ரைஃபிள். மற்றதில் அவருடைய ஆபீஸ் நண்பன் சபரியின் பாயின்ட் ஒன் செவன். இரண்டும் கடலைப் பருப்பை விடக் கொஞ்சம் பெரிய குண்டு போடும் சின்னத் துப்பாக்கிகள்தான். ஆனால் நெய்னா அவற்றைத் தூக்கி வைத்த தோரணையைப் பார்த்தால் பீரங்கி என்றுதான் தோன்றும்.

எதிர்வீட்டு ஷ்யாமளா நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவள் கணவன் செல்வராஜ் ஒரு தடித்த பச்சை ஃபைலை மார்போடு அணைத்தபடி வேனில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, உங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள் ஷ்யாமளா. "புதன்கிழமை கிரீன் கார்டு இன்டர்வியூ. ஒன்பது வருஷம் வெயிட் பண்ணியாச்சு. ஒரு ஸ்பீடிங் டிக்கெட் கூட வாங்காம இவர முழுசாக் கூட்டிட்டு வாங்க."

"நான் என்னடி பண்ண? வண்டி ஓட்டுறது ஒங்க அண்ணன்ல?"

"அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்."

உண்மையில் கமருன்னிசா போவதாகவே இல்லை. மூன்று ஆண்கள் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. செல்வராஜையும் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் ஷ்யாமளா சாப்பாட்டை நிறுத்தாத குறை. விசாவில் இருக்கிறவன் துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டுமே விலக்கு என்று அவள் இரண்டு வக்கீல்களிடம் கேட்டு வைத்திருந்தாள். செல்வராஜ் லைசென்ஸ் வாங்கினான். அதை லேமினேட் செய்தான். அப்படியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. "அக்கா கூட வந்தாத்தான் அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டாள். தெருவில் யாருக்கு எந்த மாத்திரையில் சந்தேகம் வந்தாலும் கமருன்னிசாவிடம்தான் ஓடி வருவார்கள். ரிச்சர்ட்சனில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக பார்மசிஸ்ட். ஒரு சீட்டை மூன்று தடவை சரிபார்க்காமல் மருந்தைக் கை மாற்ற மாட்டாள்.

வேன் டெண்டன் தாண்டுவதற்குள் சபரி ஆரம்பித்துவிட்டான். கூட்டத்தில் அவன்தான் இளையவன், இருபத்தொன்பது வயது.

"அண்ணே, அந்த ஃபைல்ல என்னதான் இருக்கு?"

"பாஸ்போர்ட், விசா அப்ரூவல் ஐ செவன் நைன்ட்டி செவன், ஆறு வருஷ டாக்ஸ் ரிட்டர்ன், கல்யாண ஃபோட்டோ…"

"ப்ரெய்ரி டாக் வந்து உங்க கல்யாண ஃபோட்டோ கேக்குமாண்ணே?"

"சிரிக்காதடா. போலீஸ் கேட்டா?"

"ஆளில்லாக் காட்டுல எந்தப் போலீஸ்டா?" என்றார் நெய்னா. "நம்மளத் தேடிப் போலீஸ் வந்தா, முதல்ல வழி கேட்பேன்."

ப்ரெய்ரி டாக் பெயரில்தான் நாய். பார்த்தால் அணிலுக்கு அண்ணன் முறை. புல்வெளியில் ஊர் ஊராக வளை தோண்டிக் குடியிருக்கும். ஒவ்வொரு வளைக்கும் மேல் ஒரு மண்மேடு, மேட்டின் மேல் கைகட்டி நிற்கிற மாதிரி ஒரு காவல்காரன். வெண்டெல் என்ற பண்ணைக்காரருக்கு நெய்னாவின் கம்பெனி இன்டர்நெட் டவர் போட்டுக் கொடுத்தபோது பழக்கம். "என் மேய்ச்சல் நிலத்தைத் தின்றே தீர்க்கின்றன, சின்ன ரைஃபிள் இருந்தால் வாருங்கள்" என்று அவர் சொன்னதிலிருந்து நெய்னாவுக்கு நான்கு மாதமாகத் தூக்கமில்லை.

சீமோர் ஊர் ஓரத்தில் வண்டியை நிறுத்தி இடியப்பம் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்ததும் செல்வராஜ் கொஞ்சம் தைரியமானான்.

"நானும் துப்பாக்கி புடிச்சவன்தானுங்க. ஈரோட்டுல காலேஜ் என்.சி.சி. பரேடு முடிஞ்சா பூரியும் குருமாவும் குடுப்பாங்க, அதுக்காகச் சேந்தது. கமாண்ட் பூரா ஹிந்தி. 'பர்'னா குண்டு போடு, 'காலி கர்'னா குண்ட வெளிய எடு. எனக்குத் தெரிஞ்ச மொத்த ஹிந்தியும் அவ்வளவுதானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கமருன்னிசாவும் சிரித்தாள்.

அவளும் என்.சி.சி.யில் இருந்தவள். மதுரையில் பார்மசி படித்த காலத்தில், இதே பாயின்ட் டூ டூவை மூச்சைப் பிடித்துச் சுட்டவள். பயிற்சியில் அவள் சுடும் ஐந்து குண்டும் ஒரு கொய்யாப்பிஞ்சுக்குள் அடங்கிவிடும். 1996இல் திருச்சியில் நடந்த போட்டிக்கு அவளை அனுப்பினார்கள். நான்காம் எண் இடத்தில் படுத்து, ஐந்து குண்டையும் அற்புதமாகச் சுட்டாள். ஐந்தாம் எண் அட்டையில். அடுத்த பெண்ணின் அட்டையில் பத்து ஓட்டை. இவள் அட்டை துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. அதிகாரி அதைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பொண்ணு காத்தைச் சுட்டுட்டு வந்திருக்கு" என்றார். மைதானமே சிரித்தது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, இதை ஆயுளுக்கும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருடத்தில் நெய்னாவிடமும் சொல்லவில்லை.

லப்பக் நகரத்தைத் தாண்டி மேற்கே போகப் போக மரம் குறைந்தது, வானம் கூடியது. பதினொன்றரை மணிக்கு வெண்டெலின் இரும்புக் கேட். அவருக்கு எழுபது வயது, தொப்பி விளிம்பில் வியர்வைக் கறை, கையில் ஒரு கத்தை அட்டை.

கமருன்னிசா இறங்கியதும் முதல் கேள்வியாக, "தின்பதற்கும் இல்லாமல் எதற்காக இவற்றைக் கொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். விளையாட்டுக்கு உயிரெடுப்பது அவளுக்கு ஆகாது. வழியெல்லாம் அதை நெய்னாவிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். வெண்டெல் கோபப்படவில்லை. வேலி ஓரமாக அழைத்துப் போய் ஒரு வளையைக் காட்டினார். "இந்த வருடம் இப்படிப்பட்ட குழியில் கால் விட்டு மூன்று மாடுகளுக்குக் கால் முறிந்தது. மூன்றையும் நானே சுட வேண்டியிருந்தது" என்றார். "விஷ மாத்திரை போடச் சொல்கிறார்கள். போட்டால் வளைக்குள் இருக்கும் எல்லாமே சாகும். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்." கமருன்னிசா தலையசைத்தாள். அவளுக்கு அது போதும்.

அப்புறம் அவர் சட்டங்களைச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சுடக்கூடாது. செத்ததைக் கையால் தொடக்கூடாது, தெள்ளுப்பூச்சி நோய் பரப்பும். மூன்றாவது, இந்த வளைகளில் குட்டி ஆந்தைகளும் குடியிருக்கின்றன. பகலிலேயே மேட்டில் வந்து நிற்கும். அதே உயரம், அதே மண் நிறம். அவை மத்திய அரசு பாதுகாக்கிற பறவைகள். ஒன்றைச் சுட்டாலும் ஃபெடரல் குற்றம்.

'ஃபெடரல்' என்ற சொல் கேட்டதும் செல்வராஜ் வேனுக்குள் போய் ஃபைலை எடுத்து வந்து கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"கடைசிச் சட்டம்," என்றார் வெண்டெல். "ஐம்பது கஜத்தில் அட்டை. மூன்று குண்டு. மூன்றும் இந்தக் காபிக் கோப்பை மூடிக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் என் நிலத்தில் சுட முடியாது. போன வருடம் வந்தவர்கள் என் பம்பைச் சுட்டுவிட்டார்கள்."

நெய்னா முதலில் படுத்தார். மூன்று குண்டில் ஒன்று அட்டையின் மூலையில். மற்ற இரண்டும் பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவுக்குப் போயின.

"காத்துடா," என்றார் எழுந்துகொண்டே.

"பாய், ஒரு இலை கூட அசையல" என்றான் சபரி.

"இங்க இலையே இல்லையேடா, எப்புடி அசையும்?"

சபரியின் குண்டுகள் மூன்றும் அட்டையில் விழுந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு திசையில். அவனுடைய ரைஃபிளைக் கடன் வாங்கிச் சுட்ட செல்வராஜுக்கு இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. வெண்டெல் வாட்சைப் பார்த்தார். ஐந்தரை மணி நேரம் ஓட்டி வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று யோசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கமருன்னிசா நெய்னாவின் ரைஃபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, மேலே பொருத்தியிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப்பை ஒரு விரலால் தள்ளினாள். அது ஆடும் பல் மாதிரி ஆடியது.

"மச்சான், இத மாட்டுனது யாரு?"

"நான்தான். வீடியோ பார்த்து மாட்டுனேன்."

"வீடியோல ஸ்க்ரூவ முறுக்கச் சொல்லலையாக்கும்?"

வெண்டெலின் டிரக்கிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை வாங்கி, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முறுக்கினாள். பிறகு துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து முடிந்துகொண்டு, நெய்னா விரித்த ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்தாள். இடது முழங்கை ரைஃபிளுக்கு நேர் கீழே. கன்னம் துப்பாக்கிக் கட்டையில். அவள் முதலில் பார்த்தது குறியை அல்ல. பக்கத்து அட்டை எது, தன் அட்டை எது என்று இரண்டு தடவை எண்ணினாள். அப்புறம் மூச்சில் பாதியை விட்டாள்.

டப். டப். டப்.

வெண்டெல் நடந்து போய் அட்டையைப் பிடுங்கி வந்தார். மூன்று ஓட்டைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. கால் டாலர் நாணயத்தை வைத்தால் மூன்றும் மறைந்துபோகும். ஆனால் குறிக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம்.

"பொய் சொல்வது துப்பாக்கி, நீங்கள் அல்ல" என்றார் வெண்டெல். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஸ்கோப்பைத் திருகி, இன்னொரு மூன்று. இந்தத் தடவை நட்டநடுவில்.

"நிஸா," என்றார் நெய்னா. "இருவத்து மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்."

"ஆமா."

"நான் உங்கிட்ட எத்தன தடவ சண்ட போட்டிருப்பேன்!"

"அதான் உங்கள ஒன்னும் பண்ணலயே."

சபரி மண்ணில் உட்கார்ந்து சிரித்தான். அப்போதுதான் அவள் திருச்சிக் கதையைச் சொன்னாள். இருபத்தாறு வருடம் மூடி வைத்திருந்தது, ஒரு மேய்ச்சல் நிலத்தில் மூன்று ஆண்களுக்கும் ஒரு பண்ணைக்காரருக்கும் முன்னால் வெளியே வந்தது. அதிகாரி சொன்ன வாக்கியம் வந்ததும் நெய்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அடுத்த அரை மணி நேரம் அவள் வாத்தியாரம்மா ஆனாள். "மூச்ச முழுசா விடாதீங்க." "விசைய இழுக்காதடா சபரி, அழுத்து." இரண்டாம் சுற்றில் மூன்று பேரும் கோப்பை மூடிக்குள் தேறினார்கள். செல்வராஜின் அட்டைதான் மூவரிலும் நல்ல அட்டை. பூரி குருமா வீண்போகவில்லை.

கமருன்னிசா பைனாகுலரை எடுத்துக்கொண்டு புதுச் சட்டம் ஒன்று போட்டாள். மருந்துக்கடையில் டாக்டர் போனில் சொல்லும் மருந்தைத் திரும்பச் சொல்லிக் காட்டாமல் எழுதக்கூடாது. இங்கேயும் அதேதான். சுடுகிறவன் எந்த மேடு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் பார்த்து, அணில்தான் என்று உறுதி செய்து, "சரி" என்ற பிறகுதான் விசையில் விரல்.

"வேலிக்கம்பத்துக்கு வலது, ரெண்டாவது மேடு நிஸா," என்றார் நெய்னா.

"சரி."

டப்.

"பாய், மேட்டுக்கே காயம்."

"பேசாம சுடுடா நீ."

மதியம் முழுக்க அப்படியே போனது. சபரிக்கு ஆறு, நெய்னாவுக்கு இரண்டு. அந்த இரண்டையும் அவர் போனில் படம் எடுத்து, சொந்த ஊரான கீழக்கரைக்கு அனுப்பினார். கமருன்னிசா தன் முறைக்கு நான்கு குண்டு சுட்டாள், நான்கும் வீண்போகவில்லை. அதற்கு மேல் வேண்டாம் என்று பைனாகுலருக்கே திரும்பிவிட்டாள். வெண்டெல் டிரக் நிழலில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த தம்ரூட் இனிப்பை மூன்றாவது துண்டாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வராஜுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் அவ்வளவு யோசித்தான்; யோசித்து முடிப்பதற்குள் அணில் வளைக்குள் போய் அன்றைய வேலையைப் பார்க்கத் தொடங்கியிருக்கும்.

மூன்று மணிக்கு வெயில் தரையிலிருந்து எழுந்து அலையடித்தது. மேடுகளெல்லாம் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளிந்தன.

"காய்ஞ்ச புதருக்கு இடது, மூணாவது மேடு," என்றான் செல்வராஜ். "நிக்குதுங்க்கா."

கமருன்னிசா பார்த்தாள். கொழுத்த அணில் ஒன்று, கைகட்டி நின்றது. "சரி."

அவன் மூச்சை விட்டான். யோசித்தான். அதற்குள் அந்த அணில் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. போய்விட்டதே என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் செல்வராஜ் ரைஃபிளை இறக்கவில்லை. அவன் விரல் விசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

எதை?

பக்கத்தில் நிற்கிற வேறு யாராக இருந்தாலும் அந்தக் காலி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கமருன்னிசா குழலைப் பார்த்தாள். குழல் ஒரு மயிரிழை இடப்பக்கம் இருந்தது. மூன்றாவது மேட்டில் அல்ல, நான்காவதில். சொன்னது ஒரு அட்டை, குறி வேறொரு அட்டை. அந்தத் தப்பின் உருவம் அவளுக்கு இருபத்தாறு வருடமாக மனப்பாடம். பைனாகுலரைக் குழல் காட்டிய திசையில் ஓட்டினாள். நான்காவது மேட்டில், அலையடிக்கும் வெயிலுக்குள், மண் நிறத்தில் குட்டையாக ஒன்று நிமிர்ந்து நின்றது. அதற்கு நீளமான மெல்லிய கால்கள் இருந்தன. அணிலுக்கு ஏது அப்படிக் கால்?

"செல்வராஜ்" என்றோ "சுடாதே" என்றோ சொல்லியிருந்தால் அவன் "என்னங்க்கா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்தியிருப்பான். அவள் தொண்டையிலிருந்து வந்தது அவளே எதிர்பார்க்காத ஒன்று.

"காலி கர்!"

வெண்டெல் தம்ரூட்டைக் கீழே போட்டார். செல்வராஜின் கை, அவனைக் கேட்காமலே, விசையை விட்டு விலகி போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தது. குண்டு துள்ளி வெளியே வந்து புழுதியில் விழுந்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான் அவன் மூளை வந்து சேர்ந்தது.

நான்காவது மேட்டில் அது தலையை மட்டும் மெல்லத் திருப்பியது. திருப்பித் திருப்பி முதுகுப் பக்கம் வரை கொண்டுபோனது. இரண்டு வட்ட மஞ்சள் கண்கள். பிறகு ஸலாம் சொல்வது போல இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தது.

செல்வராஜ் ஃபைலின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டான்.

"நாலு நாளுங்க்கா," என்றான், முகத்தை எடுக்காமல். "இன்னும் நாலு நாள்தான். ஷ்யாமளா மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்?"

"இப்ப முழிக்கலாம், எந்திரி." அவள் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அக்கா, எனக்கு ஹிந்தியே தெரியாதுங்க்கா. கை எப்படி…"

"எனக்கும்தான் தெரியாது."

முதலில் நெய்னாதான் சிரித்தார். பிறகு சபரி. ஹிந்தி தெரியாத இரண்டு பேர் டெக்ஸாஸ் புல்வெளியில் ஹிந்தியில் ஒரு ஆந்தையைக் காப்பாற்றியதை வெண்டெலுக்கு விளக்கிச் சொல்லவே கால் மணி நேரம் ஆனது. அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவர்தான் எல்லோரையும் விட அதிக நேரம் சிரித்தார்.

செல்வராஜ் புழுதியில் கிடந்த குண்டைத் தேடி எடுத்து, துடைத்து, ஞாபகத்துக்காக பேண்ட் பாக்கெட்டில் போட்டான்.

"ஏய், கொண்டா அத," என்று கமருன்னிசா கையை நீட்டினாள். "புதன்கிழம அதே பேண்ட்டப் போட்டுக்கிட்டு ஃபெடரல் ஆபீஸ் மெட்டல் டிடெக்டர்ல நுழைஞ்சிறாத."

அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

ஞாயிறு மதியம் திரும்பி வந்தபோது ஷ்யாமளா வாசலிலேயே நின்றாள். "ஒரு டிக்கெட்டும் இல்ல. எண்ணிப் பாத்துக்க" என்று கமருன்னிசா அவனை ஒப்படைத்தாள். அன்றைக்கே செல்வராஜ் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டிவிட்டான். சாயங்காலம் ஷ்யாமளா ஒரு பாத்திரம் நிறைய பால்கோவாவோடு வந்து, கமருன்னிசாவைக் கட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. "ஏதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா?" என்று அதிகாரி கேட்டபோது நெஞ்சை நிமிர்த்தி "இல்லை" என்றானாம். கார்டு தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை. அக்டோபரில் கிரீன் கார்டு வரிசைத் தேதியே பின்னால் போய்விட்டது. 2013இல் வரிசையில் நின்றவர்கள் இன்னும் நில்லுங்கள் என்றாகிவிட்டது. செல்வராஜ் ஃபைலில் இன்னும் மூன்று வருட டாக்ஸ் ரிட்டர்ன் சேர்ந்தது. ஒவ்வொரு மே மாதமும் நான்கு பேரும் வெண்டெல் வீட்டுக்குப் போய் வந்தார்கள். நான்காவது மேட்டைச் சுற்றி வெண்டெல் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். கமருன்னிசாவுக்கு நெய்னா சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கிக் கொடுத்தார். ஸ்கோப்பை அவளே மாட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சுடப் போகும்போது, அட்டையில் முதலில் தன் எண்ணை எண்ணிப் பார்ப்பாள். இரண்டு தடவை.

2025 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. கவுண்டரில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தாள். செல்வராஜ் ஒரு படம் அனுப்பியிருந்தான்: எண்களையெல்லாம் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்த ஒரு சின்ன அட்டை, அதில் அவன் முகம். கீழே எழுதியிருந்தான்:

"அக்கா, கார்டு வந்துருச்சு!!! ஃபோட்டோவ நல்லாப் பாருங்க. நாலாவது மேட்டுல நின்னது இப்ப கார்டுல நிக்குது. அதே முழி. ஷ்யாமளா சிரிப்ப நிறுத்த மாட்டேங்கிறா."